மலையும் இல்லை, கடலும் இல்லை

திருச்சியில் நான் அறிவியல் ஆசிரியையாக இருந்தபோது ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, "எழுதாம விட்டா அது பொய்யா, டீச்சர்?" என்று கேட்டாள். சோதனைக் குழாயை உடைத்ததை அவள் செய்முறை நோட்டில் எழுதவில்லை. பொய்தான் என்று சொல்லி உட்கார வைத்தேன். முப்பத்தொரு வருட வேலையில் அவ்வளவு அவசரமாக வேறு எந்தக் கேள்விக்கும் நான் பதில் சொன்னதில்லை.

ஓய்வு பெற்ற பிறகு கலிபோர்னியாவில், மில்பிடாஸில், மகன் பாலசுப்ரமணியனோடும் மருமகள் வைதேகியோடும் இருந்தேன். வைதேகியின் அம்மா அபயாம்பாள் மாமியும் அப்பா ராமசுப்ரமணியன் மாமாவும் நியூஜெர்சியில், பிரிட்ஜ்வாட்டரில், மூத்த மகன் வீட்டில் இருந்தார்கள். மாமிக்குக் காது சற்று மந்தம். போனில் பேசுவது சரிப்படாது. அதனால் நாங்கள் இருவரும் கடிதம் எழுதிக்கொண்டோம். 1987-ல் எழுதியவற்றில் பத்துக் கடிதங்கள் இவை.

*

மில்பிடாஸ்
17-5-87, ஞாயிறு

அன்புள்ள சம்பந்தி மாமிக்கு விசாலாக்ஷியின் நமஸ்காரம். இங்கே மூன்று பேரும் சௌக்கியம். மாமாவின் ரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது, உங்கள் முழங்கால் வலி குறைந்ததா என்று எழுதுங்கள்.

இன்று ஒரு மலை ஏறினோம். பாலுவின் ஆபீஸ் நண்பர் வாஞ்சிநாதனும் அவர் மனைவியும் கூட வந்தார்கள். காலை ஆறரைக்குக் கிளம்பி, ஃபிரீவேயில் வடக்கே போய், ஒரு நீண்ட பாலத்தைத் தாண்டி, மாடு மேயும் மேடுகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போனால் டொமாலஸ் பே என்ற கடல் வருகிறது. கடல் என்றதும் மெரினாவை நினைக்காதீர்கள். பன்னிரண்டு மைல் நீளம், அகலம் ஒரு மைல்தான். நிலத்துக்குள் கடல் ஒரு விரலை நீட்டியது போல் இருக்கிறது. பூமியின் இரண்டு பெரிய தட்டுகள் சேரும் இடமாம் அது. கிழிந்த புடவையை ஒட்டுப் போட்டுத் தைத்தால் தையலோரம் ஒரு பள்ளம் விழுமே, அந்தப் பள்ளத்தில் தண்ணீர் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் மேற்குக் கரையில் மலை.

மேலே என்ன கோயில் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன்.

"ஒண்ணும் கிடையாது மாமி," என்றார் வாஞ்சிநாதன். "மேல போய் நின்னு, ஆஹான்னு சொல்லிட்டு, இறங்கி வரணும். அதான் இந்த ஊர் சம்பிரதாயம். ரெஸ்ட் ரூமும் கிடையாது. இப்பவே டிசைட் பண்ணிக்கோங்கோ."

புறப்படும் இடத்தில் ஒரு சிறு கலாட்டா. வைதேகிக்கு இந்த வாரம் ஆபீஸில் வேலை அதிகம், முகம் வாடியிருந்தது. கரையோரம் மேஜை பெஞ்சு போட்டிருக்கிறார்கள், அங்கே உட்கார்ந்து படிக்கிறேன் என்றாள். சரி என்றோம். உடனே பாலுவும், "நானும் வரலை. நீங்க போயிட்டு வாங்கோ," என்றான். அவன் மலையைக் கண்டால் எப்படி ஓடுவான் என்று உங்களுக்குத் தெரியும்.

"என்னடா இது, பிளான் போட்டதே நீதானே?" என்றார் வாஞ்சிநாதன்.

"கார்ல சாமான் இருக்கு."

"புளியோதரையை எவண்டா கண்ணாடியை உடைச்சு எடுக்கப் போறான்?"

"நீ மேல போயிடுவே. அதனால பயமில்லைதான்."

"நீங்க போங்கோளேன். எனக்கென்ன பத்து வயசா?" என்று வைதேகியும் சொன்னாள். அவன் அசையவில்லை.

நாங்கள் மூன்று பேர்தான் ஏறினோம். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, காலில் வைதேகியின் டென்னிஸ் ஷூ. முதலில் பைன் மரக்காடு. பிறகு முள்ளும் புதரும். பாதை நேராக ஏறாமல், கையெழுத்துப் பழகும் குழந்தை கோடு இழுத்தது போல அங்கும் இங்கும் போகிறது. ஒரு வெள்ளைக்காரத் தம்பதி இறங்கி வந்தார்கள். "ஆல்மோஸ்ட் தேர்!" என்றார்கள். அதற்கப்புறம் முக்கால் மணி நேரம் ஏறினோம். கேள்வித்தாள் சுலபமாகத்தான் இருக்கும் என்று நான் பெண்களுக்குச் சொன்னதும் இதே ரகம்தான்.

உச்சியில் ஒரு பக்கம் அந்த விரல் கடல், தட்டில் ஊற்றிய பால் போல் அசையாமல் கிடக்கிறது. மறுபக்கம் திரும்பினால் பசிபிக் மகாசமுத்திரம், நுரையும் இரைச்சலும். இரண்டும் ஒரே உப்புத் தண்ணீர்தான். நடுவில் இந்த மலை ஒன்றுதான் குறுக்கே நிற்கிறது. என்னை அறியாமல் ஆஹா என்று சொல்லிவிட்டேன். வாஞ்சிநாதன் கை தட்டினார்.

இறங்கி வந்து சாப்பிட்டு, எல்லோரும் தண்ணீரில் கால் நனைத்தோம். அலையே இல்லை. பாலு மட்டும் மணலோடு நின்றுவிட்டான். வாஞ்சிநாதன் ஒரு கை தண்ணீரை வாரி இறைத்தாரோ இல்லையோ, பூனை மாதிரி பத்தடி பின்னால் பாய்ந்தான். மலையும் ஏறவில்லை, கடலிலும் கால் வைக்கவில்லை, எதற்காக இவன் இரண்டு மணி நேரம் கார் ஓட்டினான் என்று சிரித்தோம்.

மாமாவுக்கு என் நமஸ்காரம். பேரக் குழந்தைகளுக்கு ஆசீர்வாதம். பதில் எழுதுங்கள்.

விசாலாக்ஷி

*

இதைத் திங்கட்கிழமை தபாலில் போட்டேன். வியாழக்கிழமை சாயங்காலம் வைதேகி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஏழு வாரம் என்றாள். ஒன்றரை வருடத்துக்கு முன் நாலாம் மாதத்தில் ஒன்று கலைந்திருந்தது. அப்போது ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. அபயாம்பாள் மாமி அதற்கப்புறம் ஆறு மாதம் எந்த வீட்டு விசேஷத்துக்கும் போகவில்லை.

"எங்கம்மாவுக்கு இப்ப தெரிய வேண்டாம். பதினாறு வாரம் ஆகட்டும், நானே சொல்றேன். இன்னொரு தடவை அவளால தாங்க முடியாது. நீங்க லெட்டர்ல எழுதிடாதீங்கோ, ப்ராமிஸ் பண்ணுங்கோ," என்றாள். கையில் அடித்துக் கொடுத்தேன்.

அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. மனைவி கர்ப்பமாக இருக்கும்போது கணவன் மலை ஏறக் கூடாது, கடலில் இறங்கக் கூடாது என்பது எங்கள் வீடுகளில் உள்ள வழக்கம். வகுப்பில் நானே அதைக் கேலி செய்திருக்கிறேன். பார்த்ததை ஒரு பத்தியிலும் அதிலிருந்து தெரிவதை இன்னொரு பத்தியிலும் எழுதுங்கள் என்று வருடக்கணக்காகச் சொன்னவள், பார்த்ததை மட்டும் விலாவாரியாக எழுதி அனுப்பிவிட்டேன்.

*

பிரிட்ஜ்வாட்டர்
23-5-87

டீச்சர் மாமிக்கு அபயாம்பாள் நமஸ்காரம். எல்லோரும் நலம். மாமாவுக்கு மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், தலைசுற்றல் இல்லை. என் முழங்கால் என் பேச்சைக் கேட்பதில்லை.

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். இந்த வயசில் மலை ஏறியிருக்கிறீர்களே! இங்கே பால் வாங்கக்கூடக் கார் வேண்டும். வீட்டு டிரைவ்வேயில் நடந்துவிட்டு வந்தாலே நான் வெற்றிதான்.

மாப்பிள்ளைக்கு உடம்பு ஒன்றும் இல்லையே? மலை என்றால் விடமாட்டாரே என்று கேட்டேன், வேறொன்றும் இல்லை. வைதேகியை நேரத்தோடு படுக்கச் சொல்லுங்கள்.

உங்கள் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அபயாம்பாள்

*

மில்பிடாஸ்
30-5-87

அன்புள்ள சம்பந்தி மாமிக்கு நமஸ்காரம். உங்கள் கடிதம் கிடைத்தது. மாமாவின் தலைசுற்றல் நின்றதில் சந்தோஷம். இங்கே நாங்கள் நன்றாக இருக்கிறோம்.

பாலுவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவன் புது ஷூ வாங்கியிருக்கிறான். புது ஷூ குதிகாலைக் கடிக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. இந்தப் பக்கத்துக் கடல் தண்ணீரும் ஐஸ் மாதிரி இருக்கும்.

தோட்டத்தில் தக்காளி பூ விட்டிருக்கிறது. வெயில் ஏறுகிறது. மாமாவுக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பைச் சொல்லுங்கள்.

விசாலாக்ஷி

*

பிரிட்ஜ்வாட்டர்
12-6-87

டீச்சர் மாமிக்கு அபயாம்பாள் நமஸ்காரம். சௌக்கியம். நீங்கள் மூன்று பேரும் சௌக்கியம்தானே?

ஷூ விஷயம் புரிந்தது. மாப்பிள்ளையின் குதிகால் ஆறியிருக்கும் என்று நினைக்கிறேன்.

எங்களுக்குத் தெரிந்த ஜம்புநாதன் அடுத்த வாரம் ஆபீஸ் வேலையாக ஸான்ஹோஸே வருகிறார். அவரிடம் ஒரு பாட்டில் உப்பு நாரத்தங்காய் கொடுத்திருக்கிறேன். நாரத்தங்காய் குதிகாலுக்கு நல்லது என்று நான் எங்கும் கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் வீட்டில் இருக்கட்டும். காலை வேளையில் மோரோடு தொட்டுக்கொண்டால் வாய்க்கு நன்றாக இருக்கும், யாருக்கானாலும்.

உங்கள் வீட்டில் வாஷிங் மெஷின் கீழே கராஜில் இருப்பதாக ஞாபகம். துணிக் கூடையை மாப்பிள்ளையே தூக்கட்டும். ஆண்பிள்ளைகளுக்கு இந்த ஊரில் அதெல்லாம் பழக்கம்தானே.

மாமா உங்கள் எல்லோரையும் விசாரித்தார்.

அபயாம்பாள்

*

மில்பிடாஸ்
21-6-87

அன்புள்ள சம்பந்தி மாமிக்கு நமஸ்காரம். அனைவரும் நலம். அங்கே உங்கள் எல்லோருடைய சௌக்கியத்துக்கும் எழுதுங்கள்.

ஜம்புநாதன் வந்து, காபி சாப்பிட்டு, உங்கள் பாட்டிலைக் கொடுத்துவிட்டுப் போனார். மூன்று நாளில் பாதி காலி. யார் சாப்பிட்டார்கள் என்று நான் பார்க்கவில்லை. பாலு நாரத்தங்காய் தொடமாட்டான் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

துணிக் கூடையை அவன்தான் தூக்குகிறான். நேற்று வாஞ்சிநாதன் பார்த்துவிட்டு, "என்னடா, மேனேஜர் போஸ்ட் கிடைச்சுடுத்துபோல இருக்கே!" என்றார். "பர்மனென்ட்," என்றான் இவன்.

மாமாவுக்கு நமஸ்காரம்.

விசாலாக்ஷி

*

ஜூலை இரண்டாம் தேதி வைதேகிக்குச் சிறிது உதிரப்போக்கு இருந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, குழந்தையின் இதயத் துடிப்பு இருக்கிறது, பத்து நாள் படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது, பொறுத்திருந்து பார்ப்போம் என்றார். சென்ற முறையும் இதே நாலாம் மாதம். அந்த வாரம் கடிதம் எழுதாமல் விட்டால் மாமி கவலைப்படுவாள் என்று நினைத்து எழுத உட்கார்ந்தேன்.

*

மில்பிடாஸ்
6-7-87

அன்புள்ள சம்பந்தி மாமிக்கு நமஸ்காரம். நலம். உங்கள் நலத்தையும் மாமாவின் நலத்தையும் அறிய ஆவல்.

தக்காளி காய்க்க ஆரம்பித்துவிட்டது. நாலாம் தேதி வாணவேடிக்கை நடந்தது. சத்தம் இங்கே வரை கேட்டது. பக்கத்து வீட்டில் கூரை மாற்றுகிறார்கள். பாலு நாளை ஆபீஸ் போகவில்லை, லீவு போட்டிருக்கிறான். காலையில் குளிராக இருந்தது, பிறகு வெயில் வந்தது.

வேறு விசேஷம் இல்லை.

விசாலாக்ஷி

*

பிரிட்ஜ்வாட்டர்
11-7-87

டீச்சர் மாமிக்கு அபயாம்பாள் நமஸ்காரம். நாங்கள் சௌக்கியம்.

உங்கள் கடிதத்தை எத்தனை தரம் படித்தேன் என்று தெரியாது. தக்காளி இருக்கிறது, கூரை இருக்கிறது. வைதேகி என்ற பேர் ஒரு இடத்தில்கூட இல்லை.

நான் ஒன்றும் கேட்கவில்லை மாமி. கேட்டால் நீங்கள் பதில் சொல்ல வேண்டிவரும். அது உங்களுக்குக் கஷ்டம் என்று எனக்குத் தோன்றுகிறது. இங்கிருந்து புறப்பட்டு வரலாம் என்று ஒரு மனசு. கூப்பிடாமல் வந்து நின்றால் அவள் என் முகத்தைப் பார்த்துப் பயப்படுவாள் என்று ஒரு மனசு. நீங்கள் பக்கத்தில் இருக்கிறீர்கள் என்பதால்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஒன்றே ஒன்று செய்யுங்கள். அடுத்த கடிதத்தில் அவள் பேரை எங்கேயாவது எழுதுங்கள். வைதேகி சாதம் சாப்பிட்டாள் என்று எழுதினால் போதும்.

அபயாம்பாள்

*

மில்பிடாஸ்
15-7-87

அன்புள்ள மாமிக்கு நமஸ்காரம்.

வைதேகி இன்று மத்தியானம் ரசம் சாதம் சாப்பிட்டாள். இன்னும் கொஞ்சம் போடுங்கோ என்று வைதேகி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். சாயங்காலம் வைதேகி எழுந்து வந்து என்னோடு பின்வாசலில் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். நான் தக்காளிச் செடிக்குக் கொம்பு நட்டது கோணல் என்று வைதேகி சிரித்தாள். திங்கட்கிழமை வைதேகியை ஓரிடத்துக்குக் கூட்டிப்போய் வந்தோம். திரும்பும்போது காரில் பாலு பாட்டு முணுமுணுத்தான். வைதேகி நன்றாகத் தூங்குகிறாள். வைதேகிக்கு இப்போது என்ன வேண்டும் என்று கேட்டால் உங்கள் கையால் வற்றல் குழம்பு வேண்டும் என்கிறாள்.

நீங்களும் சாப்பிடுங்கள் மாமி. முழங்காலுக்கு எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள்.

விசாலாக்ஷி

*

பிரிட்ஜ்வாட்டர்
20-7-87

டீச்சர் மாமிக்கு அபயாம்பாளின் கோடி நமஸ்காரம். இங்கே எல்லோரும் நலமோ நலம்.

நேற்று வைதேகி போன் பண்ணினாள். அப்பாவோடு நாலு வார்த்தை பேசிவிட்டு, "அம்மாகிட்ட குடுங்கோ" என்றாளாம். ரிசீவரை நல்ல காதில் வைத்துக்கொண்டேன். "அம்மா, எனக்குப் பதினாறு வாரம்!" என்றாள். "என்னது?" என்றேன். மறுபடி சொன்னாள். "சத்தமா சொல்லுடி, கேக்கலை" என்றேன். கத்திச் சொன்னாள். எனக்கு முதல் தடவையே கேட்டுவிட்டது மாமி. அவள் வாயால் இன்னும் இரண்டு தரம் கேட்க வேண்டும் போல இருந்தது. பிறகு, "அப்படியா! ஒரு வார்த்தை முன்னாடி சொல்லப்படாதோ?" என்று கோபித்துக்கொண்டேன். அழுதது நிஜம், ஆச்சரியம் மட்டும்தான் வேஷம்.

நீங்கள் மலையைப் பற்றி எழுதின கடிதம் வந்த அன்றைக்கே எனக்குத் தெரியும். மாப்பிள்ளை மலையும் ஏறவில்லை, கடலிலும் கால் வைக்கவில்லை என்று படித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அவளாகச் சொல்லட்டும் என்று வாயைக் கட்டிக்கொண்டேன். இவருக்குக்கூடச் சொல்லவில்லை. நேற்று ராத்திரி சொன்னால், "நீ நாரத்தங்காய் பாட்டில் கட்டறப்பவே தெரியும். எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா நீ பேச ஆரம்பிச்சுடுவே, அதான் சும்மா இருந்தேன்" என்கிறார்!

எனக்கு முன்னாலேயே தெரியும் என்று வைதேகியிடம் சொல்லாதீர்கள். அம்மாவுக்குச் சொல்லிவிட்டோம் என்ற சந்தோஷம் அவளிடம் இருக்கட்டும்.

ஒரு சந்தேகம். மாப்பிள்ளை இதெல்லாம் நம்புகிறவர் இல்லையே?

எல்லோருக்கும் ஆசீர்வாதம். நீங்களும் உடம்பை அலட்டிக்கொள்ளாதீர்கள்.

அபயாம்பாள்

*

மில்பிடாஸ்
27-7-87

அன்புள்ள மாமிக்கு விசாலாக்ஷியின் நமஸ்காரம். வைதேகி நலம். நாங்களும் நலம். மாமாவுக்குத் தனியாக ஒரு நமஸ்காரம்.

நீங்கள் சொன்னபடி வைதேகியிடம் மூச்சு விடவில்லை. "எங்கம்மா எப்படி ஷாக் ஆயிட்டா தெரியுமா!" என்று அவள் வாஞ்சிநாதன் மனைவியிடம் சொல்லிச் சொல்லி மகிழ்கிறாள்.

நீங்கள் கேட்டதை நேற்றுப் பாலுவிடம் கேட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தான்.

"நம்பிக்கையெல்லாம் ஒண்ணும் இல்லம்மா," என்றான். "போன தடவை ஊசி அவளுக்கு, மாத்திரை அவளுக்கு, வலியும் அவளுக்கு. நான் ஹாஸ்பிடல்ல ஒரு நாற்காலில உக்காந்திருந்தேன். எனக்குன்னு பண்றதுக்கு ஒண்ணுமே இல்லை. யோசிச்சுப் பாத்தா நம்ம வழக்கத்துல புருஷனுக்குன்னு இருக்கறது இது ஒண்ணுதான். மலை எங்கயும் ஓடிடப் போறதில்லை."

மடித்த துணியை எடுத்து அலமாரியில் வைத்தேன்.

டிசம்பரில் நீங்கள் இருவரும் இங்கே வந்துவிடுங்கள். வற்றல் குழம்பை அதுவரை என் பொறுப்பில் தள்ளிப்போட்டிருக்கிறேன்.

விசாலாக்ஷி

*

ஜனவரி முதல் வாரம் பெண் குழந்தை பிறந்தது. அபயாம்பாள் மாமி நான்கு மாதம் எங்களோடு இருந்தாள். ஒரே வீட்டில் இருந்ததால் அந்த நான்கு மாதமும் எங்களுக்குள் கடிதம் கிடையாது. என் கடிதங்களையெல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் கொண்டுவந்திருந்தாள். ஜூலை ஆறாம் தேதிக் கடிதத்தை மட்டும் அங்கேயே கிழித்துவிட்டதாகச் சொன்னாள். மேலே இருப்பது நான் நினைவிலிருந்து எழுதியது.

நீங்களும் இதைச் செய்து பாருங்கள். தூரத்தில் இருக்கும் பிள்ளையையோ பெண்ணையோ நினைத்து யாராவது கவலைப்பட்டுக்கொண்டிருந்தால், அந்தப் பிள்ளையின் பேரை எழுதி, இன்று என்ன சாப்பிட்டது என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.